இருபத்தாறு பேர் போட்ட ஒரே தவறான விடை

இந்தப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவரிடமும் அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். வடிவியல் பெட்டியில் கவராயம் ஒன்று குறைகிறது, அதையும் சொல்லிவிட்டேன். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அது ஒரு தவறான விடை: ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

அடுத்த வாரம் நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு மாறுதலாகிப் போகிறேன். அங்கே இதைப் பாடமாகவே வைக்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் இது நடந்தது இந்தக் கட்டடத்தில். அதனால் முதலில் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்.

நான் இங்கே வந்தது ஒரு கல்வியாண்டின் நடுவில். கணிதத்தில் பட்டம், அதன்மேல் ஆசிரியர் பயிற்சி, புதுச்சேரி டவுனில் வளர்ந்தவள். வில்லியனூரைத் தாண்டி இந்தப் பக்கம் அதற்கு முன் நான் பஸ் ஏறியதே இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் பின்னம், விகிதம் இரண்டையும் முடித்துவிட்டுப் போயிருந்தார். முடித்த பாடங்களைச் சோதிப்பதற்காக ஒரு சிறிய தேர்வு வைத்தேன். கம்பத்தில் மூன்றில் ஒரு பாகம் சிவப்பு, நான்கில் ஒரு பாகம் நீலம், மீதி எவ்வளவு நீளம் என்பது போன்ற கணக்குகள். எட்டாம் வகுப்பு நன்றாகவே செய்தது. பின்னத்துக்கு நேராக ஒரு டிக் போட்டுவிட்டு மேலே போனேன். எனக்கு எல்லாவற்றையும் வரிசையாக எழுதி டிக் போடும் பழக்கம் உண்டு. உங்களுக்கும் இருந்தால் நல்லதுதான். டிக் போட்டதை மறுபடி திறந்து பார்க்கும் பழக்கமும் கூடவே இருக்கட்டும்.

அந்த ஆண்டு எட்டாம் வகுப்புக்கு எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே வினாத்தாள். கண்காணிக்க வந்தவர்களும், விடைத்தாள் திருத்தியவர்களும் வேறு பள்ளிக்காரர்கள். அதில் ஒரு கணக்கு இப்படி இருந்தது. ஒருவரிடம் 3,600 ரூபாய் இருந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கை மனைவிக்கும், நான்கில் ஒரு பங்கை மகனுக்கும், ஆறில் ஒரு பங்கை மகளுக்கும் கொடுத்தார். மீதி எவ்வளவு?

உங்களுக்கு இது ஒரு நிமிட வேலை. ஆயிரத்து இருநூறு, தொள்ளாயிரம், அறுநூறு. மூன்றையும் கூட்டிக் கழித்தால் மீதி தொள்ளாயிரம்.

நம் வகுப்பில் முப்பது பேர். ஒரே ஒருத்தி தொள்ளாயிரம் என்று எழுதியிருந்தாள். இரண்டு பேர் அந்தக் கணக்கைத் தொடவில்லை. ஒருவன் மனைவிக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டான். மற்ற இருபத்தாறு பேரும் ஆயிரத்து ஐந்நூறு.

தேர்வு முடிந்து பத்து நாள் இருக்கும், பள்ளிக்கு இன்னும் விடுமுறை விடவில்லை. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். விடைத்தாள் திருத்திய இடத்திலிருந்து மேலே புகார் போயிருக்கிறது. ஒரு வகுப்பே சரியாகப் போட்டிருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. ஒரு வகுப்பே ஒரே தவறை, ஒரே படிகளோடு போட்டிருந்தால் அது பார்த்து எழுதியதுதான் என்பது அவர்கள் முடிவு. நம் பள்ளியின் முடிவுகளை நிறுத்தி வைத்துவிட்டார்கள். பள்ளிகளின் துணை ஆய்வாளர் வெள்ளிக்கிழமை நேரில் வருகிறார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் எட்டாம் வகுப்புத் தேர்வு முழுவதும் ரத்து. எல்லாரும் மறுபடி ஒரு வருடம் படிக்க வேண்டும்.

அன்று செவ்வாய்க்கிழமை.

பையன்களுக்கு ஒரு வருடம் போகும், அவ்வளவுதான். பெண்களுக்கு அப்படி இல்லை. பிலோமினா என்று ஒரு பெண் வகுப்பில் இருந்தாள். பக்கத்தில் உள்ள கிறிஸ்தவக் கிராமம். அப்பா வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, அடுத்தவர் நிலத்தைப் பயிரிடுபவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பள்ளி வேலையாக வந்திருந்தபோது, மாதா கோயில் பூசை முடிந்து வந்தவர் என்னை நிறுத்திப் பேசியிருக்கிறார். மகள் தேறிவிட்டால் வில்லியனூர் உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்புவதாகவும், பஸ் காசைப் பற்றிக் கவலை இல்லை என்றும் சொன்னார். தேறாவிட்டால் என்று நான் கேட்டேன். மனிதர் மறைத்துப் பேசத் தெரியாதவர்.

"ஒரே வகுப்புல ரெண்டு தபா எதுக்கு டீச்சரம்மா? நடவுக்கு ஆள் பத்தல. வூட்டோட இருந்துட்டுப் போவட்டும்."

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அந்த வீட்டுக் கணக்கு அப்படி. வகுப்பில் பதினோரு பெண்கள். தேர்வு ரத்தானால் பதினோரு வீடுகளிலும் இதே பேச்சுத்தான் நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

தலைமையாசிரியர் ஒரு வழி சொன்னார். இன்னும் இரண்டு நாள் முழுசாக இருக்கிறது. பங்குக் கணக்காக ஐம்பது போட்டுப் பழக்கிவிடுங்கள். துணை ஆய்வாளர் எதைக் கேட்டாலும் பிள்ளைகள் டக்கென்று சரியான விடை சொல்ல வேண்டும், கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை காலை வகுப்பு தொடங்கும் முன்பே பிலோமினா வந்திருந்தாள். முதலில் அவளிடம் தொடங்கலாம் என்று மேசைக்கு அழைத்து, அந்தக் கணக்கை வாயால் சொல்லச் சொன்னேன். எழுத வேண்டாம், எப்படிச் செய்தாய் என்று மட்டும் சொல் என்றேன்.

மனைவிக்கு ஆயிரத்து இருநூறு என்றாள். சரி. அடுத்து மகனுக்கு அறுநூறு என்றாள். தொள்ளாயிரம் வரவேண்டிய இடத்தில் அறுநூறு எப்படி வந்தது என்று கேட்க வாய் திறந்தேன். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். வலது உள்ளங்கையை மேசைமேல் பக்கவாட்டில் நிறுத்தி, இல்லாத எதையோ ஓரமாகத் தள்ளினாள். பிறகு இரண்டு கைகளாலும் மிச்சத்தைச் சேர்த்துக் கூட்டினாள். அதற்குப் பிறகுதான் அடுத்த பங்கைச் சொன்னாள்.

"கையால இன்னாடி பண்ற?" என்றேன். அந்தப் பேச்சு எனக்கு அதற்குள் தொற்றியிருந்தது.

"குமிக்கிறேன் டீச்சர். ஒருத்தருக்கு அள்ளனப்புறம் திரும்பக் குமிச்சாத்தான அடுத்தவங்களுக்கு அளக்க முடியும்?"

நவரைப் பட்டத்து நெல் அறுவடை நடந்துகொண்டிருந்த நாட்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிப் பள்ளிக்கு நடக்கும் வழியில் தினமும் களத்தைக் கடந்துதான் வருவேன். தூற்றிய நெல் குவியலாகக் கிடக்கும், சுற்றிலும் ஆட்கள் சாக்கோடு நிற்பார்கள். இவ்வளவுதான் நான் கண்டது. அங்கே எப்படிப் பிரிக்கிறார்கள் என்று அவளிடம் கேட்டேன். முதலில் அறுத்தவர்களுக்கு அளப்பார்கள். பிறகு குமித்துவிட்டு, ஏரித் தண்ணீரைத் திருப்பி விடுகிறவருக்கு. மறுபடி குமித்து, அதில் பாதி நிலத்துக்காரருக்கு. கடைசியில் கிடப்பது பயிரிட்டவருடையது. ஒவ்வொருவருடைய பங்கும் அவர் முறை வரும்போது எதிரில் கிடக்கும் குவியலிலிருந்துதான். மூன்று பங்கு என்றால் மூன்று குவியல், ஒன்றைவிட ஒன்று சிறியது.

நம் வகுப்பில் ஏறக்குறைய எல்லாருமே வாரத்துக்குப் பயிரிடுகிற வீட்டுப் பிள்ளைகள். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து களத்தில் சாக்கு பிடித்தவர்கள். அந்த முறைப்படி 3,600-ஐப் பிரித்துப் பாருங்கள். ஆயிரத்து இருநூறு போனால் இரண்டாயிரத்து நானூறு. அதில் நான்கில் ஒன்று, அறுநூறு. மீதி ஆயிரத்து எண்ணூறு. அதில் ஆறில் ஒன்று, முந்நூறு. மீதி ஆயிரத்து ஐந்நூறு. எங்கேயும் பின்னம் தொங்கவில்லை, எங்கேயும் இடறவில்லை. தவறு என்று சந்தேகப்பட ஒரு பிள்ளைக்குக் காரணமே இல்லை. வினாத்தாள் தயாரித்தவர் அறியாமலே அப்படி அமைந்துவிட்டது.

உறுதி செய்துகொள்ள அவளிடம் ஒரு கம்பக் கணக்கும் கொடுத்தேன். முழுக் கம்பத்திலிருந்தே எல்லாப் பாகத்தையும் எடுத்துச் சரியாகச் சொன்னாள். இதற்கு மட்டும் ஏன் மொத்தத்திலிருந்து எடுத்தாய் என்றேன். பெயிண்ட் அடித்தால் கம்பம் எங்கே குறையும் என்று திருப்பிக் கேட்டாள். சொல்லி முடித்தவுடன் அவள் முகம் மாறியது. இரண்டு கணக்கும் ஒரே மாதிரி இருப்பதை அவளே கவனித்துவிட்டாள்.

"அப்ப பரீச்சைல போட்டது தப்பா டீச்சர்?"

ஒரு கணக்கு ஆசிரியருக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். இரண்டு நிமிடம் கிடைத்தால் அவளுக்கு வாழ்நாளுக்கும் மறக்காதபடி புரிய வைத்திருப்பேன். நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது.

ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் உங்களுக்கு விளக்க வேண்டும். அவள் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். பிள்ளைகள் பார்த்து எழுதவில்லை. எல்லாருக்கும் ஒரே களம், அதனால் ஒரே விடை. இதை நான் வாயால் சொன்னால் ஆசிரியர் தன் வகுப்புக்குப் பரிந்து பேசுகிறாள் என்பார்கள். துணை ஆய்வாளர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு இருப்பது ஒன்றே ஒன்று: தனித்தனியாகக் கேட்டாலும் பிள்ளைகள் இதே தவறைச் செய்வார்கள். இன்று நான் அதைத் திருத்திவிட்டால், வெள்ளிக்கிழமை அவர்கள் சரியான விடையைச் சொல்வார்கள்; இவ்வளவு தெரிந்தவர்கள் அன்று மட்டும் எப்படி ஒன்றுபோலத் தவறினார்கள் என்று அவர் கேட்பார். அந்தத் தவறுதான் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே சாட்சி. அதை நான் அழித்துவிடக் கூடாது.

தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"பசங்க தப்பா சொல்லணும்னு சாமிய வேண்டிக்கச் சொல்றீங்களா டீச்சரம்மா?"

"ஒரே மாதிரி தப்பா சொல்லணும் சார்."

இதற்குள் வீட்டில் யாராவது சரியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது என்றேன். ஆனாலும் என்னைச் செய்யவிட்டார். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். புதனும் வியாழனும் வகுப்பில் இணைகோடுகள் நடத்தினேன். பின்னம் என்ற சொல்லைக்கூட எடுக்கவில்லை. பிலோமினா அந்த இரண்டு நாளும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை துணை ஆய்வாளர் வந்தார். அதிகம் பேசாதவர், கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் நேராக விஷயத்துக்கு வந்தார். நான் களத்துப் பங்கைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், நம்பவில்லை. இன்னொன்றும் சொன்னேன். சரியான விடை எழுதிய ஒருத்தி குணசுந்தரி. வில்லியனூர் சந்தையில் மூன்று பேர் கூட்டாக நடத்தும் மளிகைக் கடைக்காரர் ஒருவரின் மகள், வகுப்பில் முதல் மாணவி. அவள் உட்கார்ந்திருந்தது நடு வரிசையில். பார்த்து எழுதுகிறவர்கள் அவளை விட்டுவிட்டு வேறு யாரைப் பார்ப்பார்கள்? அவள் மறைத்து எழுதியிருக்கலாம் என்றார். அதுவும் நியாயம்தான்.

அதனால் அவரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். நீங்களே இப்போது ஒரு புதுக் கணக்குச் சொல்லுங்கள். யாருக்கும் தெரியாத எண்கள். பிள்ளைகளை ஒவ்வொருவராக இந்த அறைக்குக் கூப்பிடுங்கள். கேட்டு முடித்தவர்கள் வெளியில் இருப்பவர்களோடு சேராமல் பின்பக்கம் போகட்டும். அவர் சிறிது யோசித்துச் சொன்னார். ஆறாயிரம் ரூபாய், பாதி மனைவிக்கு, ஐந்தில் ஒரு பங்கு மகனுக்கு, பத்தில் ஒரு பங்கு தம்பிக்கு.

சரியான விடை ஆயிரத்து இருநூறு. நான் நின்றபடியே மனதுக்குள் மூன்று முறை குமித்தேன்.

"அவங்க இரண்டாயிரத்து நூற்று அறுபதுன்னு சொல்லுவாங்க சார்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "தன் பிள்ளைங்க தப்பாத்தான் சொல்லுவாங்கன்னு அடிச்சுச் சொல்ற டீச்சர இப்பத்தான்மா பாக்கறேன்" என்றார். சிரிக்கவில்லை.

நான் ஒரு வார்த்தையும் பேசாமல் ஜன்னலோரம் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் பையன் வந்தான். விரல்விட்டு முணுமுணுத்து, இரண்டாயிரத்து நூற்று அறுபது என்றான். இரண்டாமவளும் அதுவே. மூன்றாவதாக ஒரு பையன் வந்தபோது துணை ஆய்வாளர் விடையைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அவருடைய மேசைமேலேயே தள்ளிக் குமித்துக்கொண்டிருந்தான். அதற்கடுத்து வந்த ஒருத்தி கழித்தலில் தவறி இரண்டாயிரத்து அறுபது என்றாள். எப்படி என்று அவர் கேட்டதும், மூன்று குவியலையும் வரிசையாகச் சொன்னாள். வழி அதேதான்.

பிறகு ஏழுமலை வந்தான். இவன் குணசுந்தரிக்கு நேர் பின் பெஞ்சு. வருடம் முழுவதும் அவளைப் பார்த்தே எழுதியவன். அவள் அடித்துத் திருத்தியதையும் இவன் அடித்துத் திருத்துவான் என்று பள்ளிக்கே தெரியும். அவனும் இரண்டாயிரத்து நூற்று அறுபது என்றான். எனக்குப் போன உயிர் வந்தது. ஆனால் துணை ஆய்வாளர் அவனை விடவில்லை. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்ற பட்டியலைப் பார்த்துவிட்டு, தேர்வன்று முன் பெஞ்சைப் பார்த்தாயா என்று கேட்டார்.

ஏழுமலை ஒருமுறை என்னைப் பார்த்தான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"பாத்தன் சார்" என்றான்.

தலைமையாசிரியர் நாற்காலியில் அசைந்தார்.

"பாத்து?"

"அவ தொள்ளாயிரம்னு போட்டிருந்தா சார். மிச்சமே கம்மியா வச்சிருந்தா. கடைக்காரு பொண்ணு, களத்துப் பக்கமே வந்ததில்ல, அவளுக்கு இன்னா தெரியும்? அதான் வுட்டுட்டன்."

துணை ஆய்வாளர் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. காப்பியடிக்கப் பார்த்து, பார்த்த பிறகு எதிரில் இருப்பவளுடைய விடைதான் தவறு என்று தீர்மானித்த ஒருவனைவிட நல்ல சாட்சி யாருக்குக் கிடைக்கும்?

அடுத்து பிலோமினா.

கணக்கை ஒருமுறை கேட்டாள். கையை அசைக்கவே இல்லை. முந்தைய எல்லாரும் உடனே தள்ளிக் குமிக்கத் தொடங்கிய இடத்தில் இவள் சும்மா நின்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அந்தக் கணமே அறிந்தேன். ஆயிரத்து இருநூறு என்று சொல்லப்போகிறாள். சரியான விடை. யார் சொல்லிக் கொடுத்தது என்று அவர் கேட்பார், எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள்.

"எதுலேர்ந்து சார்?" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. கணக்கைத் திரும்பச் சொன்னார்.

"அது சரி சார். பையனுக்குக் குடுக்கறது மொத்தத்துலேர்ந்தா, மிச்சத்துலேர்ந்தா? மிச்சத்துலேர்ந்துன்னா கடைசில ரெண்டாயிரத்து நூத்தி அறுவது இருக்கும். மொத்தத்துலேர்ந்துன்னா ஆயிரத்து எரநூறுதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் எதிர்பார்த்த கேள்வி வந்தது. "இத யார் சொல்லிக் குடுத்தது? டீச்சரா?"

டீச்சர் சொல்லவே மாட்டேன் என்றுவிட்டார் என்று அவள் சொன்ன தொனியில் இரண்டு நாள் கோபம் இருந்தது. அதனால் குணசுந்தரியிடம் போய்ச் சண்டை பிடித்திருக்கிறாள். இருவரும் கிணற்றடியில் ஒரு மணிநேரம் வாக்குவாதம். குணசுந்தரி தங்கள் கடைக் கணக்கைச் சொன்னாளாம்: மூன்று கூட்டாளிகள், லாபத்தை மொத்தமாக வைத்துத்தான் பிரிப்பார்கள், எடுக்க எடுக்க மிச்சத்தில் பிரித்தால் யார் முதலில் எடுப்பது என்று கடையிலேயே அடிதடி ஆகும். பிலோமினா களத்தைச் சொன்னாளாம்: அறுத்தவன் முதலில் எடுப்பதுதான் முறை, அதில் சண்டைக்கு என்ன இருக்கிறது? கடைசியில், நெல்லுக்கு ஒரு மாதிரி, காசுக்கு ஒரு மாதிரி என்று இரண்டு பேருமாக ஒப்புக்கொண்டார்கள். இதைக் கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு, நான் நடத்தியிருக்க வேண்டிய பாடத்தை இரண்டு பெண்கள் கிணற்றடியில் நடத்தி முடித்துவிட்டார்கள் என்று தெரிந்தது. வருத்தமில்லை. அன்று அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

துணை ஆய்வாளர் கடைசியாக ஒன்று கேட்டார்.

"இவ்ளோ தெளிவா எதுலேர்ந்துன்னு இப்பக் கேக்கறியே, பரீட்சைல ஏன் கேக்கல?"

அவள் அவரை வியப்போடு பார்த்தாள். இவ்வளவு பெரிய அதிகாரிக்கு இதுகூடத் தெரியாதா என்பது போல.

"பரீச்சைல யாரையும் எதுவும் கேக்கக் கூடாது சார்."

அதற்குப் பிறகு அவர் மற்றவர்களைக் கூப்பிட்டார்தான், ஆனால் முறைக்காகத்தான். பன்னிரண்டு மணிக்கு முன்பே முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டுக் குடித்தார். முடிவுகளை வெளியிடலாம் என்று அன்றே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கணக்குக்கு யாருக்கும் மதிப்பெண் கூட்டவில்லை. விடை தவறு என்பது தவறுதான். அது இல்லாமலே எல்லாருக்கும் போதுமான மதிப்பெண் இருந்தது. தொடாமல் விட்ட இரண்டு பேர்கூடத் தேறினார்கள். மனைவிக்கே எல்லாவற்றையும் கொடுத்தவனும் தேறினான்.

அவருடைய ஜீப் சாலை திரும்புவதற்குள் நான் வகுப்பைத் திடலுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். இரண்டு நாள் அடக்கி வைத்திருந்த பாடம். மணலை இரண்டு குவியலாகக் குமிக்கச் சொன்னேன். ஒன்றில் அவர்கள் வழக்கப்படி எடுத்து எடுத்துக் குமித்தோம். இன்னொன்றைத் தட்டையாகப் பரப்பி, யாரும் ஒரு பிடிகூட எடுக்கும் முன்பே குச்சியால் பன்னிரண்டு பாகமாகக் கோடு போட்டோம். மனைவிக்கு நான்கு, மகனுக்கு மூன்று, மகளுக்கு இரண்டு. கோடு போட்ட பிறகுதான் அள்ளலாம். மிஞ்சிய மூன்று பாகத்தை எண்ணிவிட்டு வகுப்பு முழுவதும் தொள்ளாயிரம் என்று கத்தியது. ஏழுமலை மட்டும் மணலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குணசுந்தரியிடம் போய், "நீ சரியாத்தான்டி போட்டிருக்க" என்று பெரிய மனது பண்ணிச் சொன்னான். அவள் அவனை என்ன சொன்னாள் என்பதை இங்கே சொல்ல முடியாது.

அதிலிருந்து இத்தனை வருடமாகப் பங்குக் கணக்கு எடுக்கும்போதெல்லாம் நான் முதலில் திடலுக்குத்தான் போகிறேன். நீங்களும் போங்கள். எடுக்கும் முன் கோடு. அது ஒன்றுதான் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் விதி. உங்களுக்குச் சொல்ல இன்னொன்று இருக்கிறது. ஒரு பிள்ளை தவறாகப் போட்டால் அந்தப் பிள்ளையிடம் பேசுங்கள். வகுப்பே ஒன்றுபோலத் தவறாகப் போட்டால் உடனே சிவப்பு மையை எடுக்காதீர்கள். ஒருவரைக் கூப்பிட்டு, வாயால் சொல்லச் சொல்லி, கையைப் பாருங்கள். எங்கோ ஓரிடத்தில் அது சரியான விடையாக இருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்த பிறகு திருத்துங்கள்.

முடிவுகள் வந்த வாரம் பிலோமினாவின் அப்பா மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார். வில்லியனூர் உயர்நிலைப் பள்ளிக்கு. வெள்ளைச் சட்டை, புது வேட்டி. பிலோமினா அவருக்குப் பின்னால் நின்றாள். தலைமையாசிரியர் கையெழுத்துப் போடும் வரை சும்மா இருந்தவர், தாளைக் கையில் வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்த பிறகு என் பக்கம் திரும்பினார். வீட்டில் மகள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் போல.

"ஒண்ணே ஒண்ணு டீச்சரம்மா. உங்க கணக்க நெலத்துக்காரரு காதுல போட்டுடாதீங்க. மொத்தத்துலேர்ந்து பாதிய அளந்துக்கினாருன்னா, அறுப்புக் கூலி பூரா என் தலையிலதான் வுழும்."

அவர் சொன்னது சரிதானா என்று மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். மிகச் சரி. அதைச் சொல்வதற்குள் அவருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"அளக்கற அன்னிக்கு நான் லீவு போட்டுட்டு வந்து நிக்கறன்பா" என்றாள் பிலோமினா. "எதுலேர்ந்து அளக்கறாங்கன்னு நான் பாத்துக்கறன்."